நேற்றைக்குப் போன அதிகாலை

மதுரங்குளியிலிருந்து களப்புப் பக்கமாக இறங்கினால், தென்னந்தோப்புகள் முடிகிற இடத்தில் இறால் குளங்கள் தொடங்கிவிடும். அவற்றில் மூன்று குளங்களைப் பார்த்துக்கொள்வது என் தாத்தாவின் மகன். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். காவல் குடிலின் கம்பத்தில் ஒரு சீஆர் கொப்பி கயிற்றில் தொங்கும். சுபஹ் பாங்கு கேட்கும் நேரம் ஒரு தடவை, பகல் இரண்டு மணிக்கு ஒரு தடவை, தண்ணீரில் கருவியை இறக்கி ஒட்சிசன், உவர்ப்பு, வெப்பம், பிஎச் நான்கையும் பார்த்து அதில் எழுதுவான். மாரியில் கொப்பி நனையும். ஒரு வாரக் கணக்கு அப்படியே நீலக் கறையாகிப் போனதும் உண்டு.

“மாமா, இத ஃபோன்லயே எழுதுற மாதிரி ஒண்டு செஞ்சு தர ஏலுமா?” என்று கேட்டான்.

ஏலும் என்றேன். அன்றிரவே கணினியில் உட்கார்ந்து ஒரே ஒரு வரிக் கட்டளை அடித்தேன். ஆறு கோப்புகள் வந்து நின்றன. இன்னொரு கட்டளை அடித்துவிட்டு உலாவியைத் திறந்தால், எல்லாம் சரியாக நிறுவப்பட்டது என்று சொல்லும் பக்கம் ஒன்று, அதில் மேலே கிளம்பும் ராக்கெட்டின் படம். என் கையால் ஒரு வரி நிரல்கூட எழுதவில்லை, அதற்குள் ஒரு வலைச் செயலி ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஆறு கோப்புகளுக்குள் என்ன இருந்தது, அதை யார் வைத்தார்கள் என்பதைப் பிறகு பல நாள் உட்கார்ந்து படித்தேன். முதல் இரவே படித்திருக்க வேண்டும்.

வலைச் செயலி என்பது கேட்டதற்குப் பதில் சொல்லும் ஏற்பாடு. கையிலிருக்கும் ஃபோன் ஒரு முகவரியைக் கேட்கிறது. மறுமுனையில் இருக்கும் நிரல், அந்த முகவரி எந்த வேலைக்குரியது என்று பார்த்து, தரவுத்தளத்தில் எடுக்க வேண்டியதை எடுத்து, ஒரு பக்கமாகக் கட்டி அனுப்புகிறது. இறால் கணக்கானாலும் பாடசாலை வரவுப் பதிவானாலும் வங்கிக் கணக்கானாலும் இந்த நடை மாறாது. முகவரிகளைப் பிரிப்பது, தரவுத்தளத்தோடு பேசுவது, உள்நுழைந்தவர் யாரென்று நினைவில் வைப்பது, வேறொருவர் பெயரில் வரும் கள்ளப் படிவங்களைத் தடுப்பது எல்லாம் எல்லோருக்கும் பொதுவான வேலை. ஒவ்வொருவரும் இதை முதலிலிருந்து எழுதினால் பாதிக் காலம் அதிலேயே போகும், பிழையும் ஆளுக்கொரு விதமாக வரும். அந்தப் பொதுப் பகுதியைத் தெரிந்தவர்கள் ஒரு முறை எழுதி, மற்றவர்கள் நகலெடுத்துத் தொடங்கும்படி வைப்பதுதான் தொடக்க வார்ப்புரு.

ஆங்கிலத்தில் இப்படித் திரும்பத் திரும்ப வரும் நிரல் பகுதியைப் பாய்லர்பிளேட் என்பார்கள். கொதிகலன் செய்யும் இரும்புத் தகடு என்று பொருள். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் சிற்றூர்ப் பத்திரிகைகளுக்குக் கட்டுரைகளும் கதைகளும் உலோகத் தகடுகளாக வார்க்கப்பட்டே வந்து சேர்ந்தன. எழுத்துக் கோக்கத் தேவையில்லை, தகட்டைப் பூட்டி அச்சடித்தால் போதும். அந்தத் தகடுகளுக்கு ஒட்டிக்கொண்ட பெயர்தான் பின்னாளில் கணினிக்கு வந்தது. தமிழில் நாம் சொல்லும் வார்ப்புருவும் வார்ப்பிலிருந்தே பிறந்த சொல் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. ஆனால் அந்தச் சிற்றூர்ப் பத்திரிகைக்காரரால் தகட்டில் ஒரு சொல்லைக்கூட மாற்றியிருக்க முடியாது. நமக்கு வரும் வார்ப்புருவில் ஒவ்வொரு வரியையும் மாற்றலாம். மாற்ற முடியும் என்று ஆகிவிட்டபின், மாற்றாமல் விட்ட வரியும் நம்முடைய முடிவாகிவிடுகிறது.

அன்றிரவு நான் எடுத்துக்கொண்ட ஜாங்கோ என்ற வலைச் சட்டகமும் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பிறந்ததுதான். கன்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில், லாரன்ஸ் ஜேர்னல் வேர்ல்ட் நாளிதழின் இணையப் பிரிவில் இருந்த ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் 2003இல் அதைத் தொடங்கினார்கள். செய்தி ஆசிரியர்கள் காலையில் கேட்டதை மாலைக்குள் கட்டித் தர வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு. 2005 ஜூலையில் அதை உலகத்துக்கே திறந்து வைத்தார்கள். அதற்கு ஒரு வருடம் முன்பு, டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைனமையர் ஹான்சன் அதே வகையான ரூபி ஆன் ரெயில்ஸை வெளியிட்டிருந்தார். 15 நிமிடத்தில் ஒரு வலைப்பதிவைக் கட்டிக் காட்டும் அவருடைய காணொளிதான், ஒற்றைக் கட்டளையில் புதுத் திட்டம் தொடங்கும் பழக்கத்தை எங்கும் பரப்பியது. திரையில் தெரியும் பக்கத்துக்கான வார்ப்புருக்கள் பிறகு வந்தன. 2016இல் ஃபேஸ்புக் வெளியிட்ட கிரியேட் ரியாக்ட் ஆப் பல வருடங்கள் மாணவர்களின் முதல் படியாக இருந்தது. 2025 பெப்ரவரியில், இனிப் புதுத் திட்டங்களுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அதை வைத்திருந்தவர்களே அறிவித்தார்கள். வார்ப்புருக்களுக்கும் வயதாகும். அதில் தொடங்கிய செயலிகள் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

செயலியை மருமகனின் ஃபோனில் திறந்துவிட்ட நான்காம் நாள் அவன் வந்து நின்றான்.

“மாமா, சுபஹ் நேரம் போட்டதெல்லாம் முந்தின நாளுக்குப் போய் நிக்குது.”

வாங்கிப் பார்த்தேன். அதிகாலை 5 மணிக்கு அவன் போட்ட அளவு, முந்தைய நாள் இரவு 11:30 என்று பதிவாகியிருந்தது. பகல் 2 மணி அளவு காலை 8:30 ஆகியிருந்தது. பதிவு நேரத்தை அவன் தட்டத் தேவையில்லை, நிரலே குறித்துக்கொள்ளட்டும் என்று நான்தான் விட்டிருந்தேன். நிரலும் சரியாகத்தான் குறித்திருந்தது, ஆனால் வேறொரு கடிகாரத்தைப் பார்த்து. அமைப்புக் கோப்பில் நேரவலயம் என்ற வரியில் யூடிசி என்று இருந்தது. அதுதான் ஒருங்கிணைந்த உலக நேரம். இலங்கை அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது. ஆகவே எங்கள் ஊரில் விடியற்காலை 5:30க்கு முன் நடக்கும் எதுவும் அந்தக் கடிகாரத்தில் நேற்றைய சம்பவம்.

இறால் குளத்தில் இது சின்ன விசயமல்ல. பகலில் தண்ணீரிலுள்ள நுண்பாசிகள் வெயிலை வாங்கி ஒட்சிசனை விடுகின்றன. பிற்பகலில்தான் அது உச்சத்துக்குப் போகும். சூரியன் இறங்கியபின் ஒட்சிசன் செய்ய ஆளில்லை, செலவழிக்க எல்லோரும் இருக்கிறார்கள். இறால், பாசி, அடிச்சேற்றிலுள்ள பக்டீரியா எல்லாம் இரவு முழுக்க மூச்சுவிட்டு அதைத் தீர்க்கின்றன. குளத்தின் ஒட்சிசன் மிகக் குறைவாக இருப்பது விடிவதற்குச் சற்று முன். லீற்றருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் இறால் நெருக்கடிக்குள்ளாகும், இன்னும் இறங்கினால் கரையோரம் வந்து ஒதுங்கும். அதனால்தான் தண்ணீரை அடித்துக் காற்றூட்டும் துடுப்புச் சக்கரங்களைப் பின்னிரவில் ஓட்டுகிறார்கள். எங்கள் செயலியின் வரைபடத்திலோ ஒட்சிசனின் உச்சம் காலை எட்டரைக்கும் தாழ்வு நள்ளிரவுக்கு முன்னும் இருந்தது. அதை நம்பி ஒருவர் பதினொன்றரைக்குச் சக்கரத்தை ஓட்டி, ஒரு மணிக்கு நிறுத்திவிட்டுப் படுத்தால், ஆபத்து வருகிற நேரத்தில் குளம் தனியாக இருக்கும். கொப்பியில் எழுதியவன் ஒரு நாளும் இந்தப் பிழையைச் செய்ததில்லை.

வார்ப்புருவை எழுதியவர்கள் யூடிசியை வைத்தது தவறான முடிவல்ல. தரவுத்தளத்துக்குள் நேரத்தை அப்படித்தான் வைக்க வேண்டும். எங்கள் நாட்டின் கதையே அதற்குச் சாட்சி. மின்சாரத் தட்டுப்பாட்டின்போது 1996 மே மாதம் இலங்கை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது. அதே வருடம் ஒக்டோபரில் அரை மணி நேரம் பின்னே இழுத்தது. 2006 ஏப்ரலில் மறுபடி பழைய ஐந்தரைக்கே வந்தது. 1996இல் நடந்த ஒரு சம்பவத்தின் நேரத்தை உள்ளூர் மணியாக மட்டும் எழுதிவைத்திருந்தால், அது எந்த ஐந்து மணி என்று இன்று கேட்க நேரும். ஆகவே சேமிப்பது உலக நேரத்தில், மனிதருக்குக் காட்டுவதும் நாள் பிரிப்பதும் கொழும்பு நேரத்தில். எந்த நாடு எந்தத் தேதியில் கடிகாரத்தை மாற்றியது என்ற முழு வரலாற்றையும் ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கிய ஒரு பொதுப் பட்டியல் வைத்திருக்கிறது. தன்னார்வலர்கள் இன்றும் அதைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் செய்ய வேண்டியிருந்தது அந்த ஒற்றை வரியில் ஆசியா, கொழும்பு என்று எழுதுவது மட்டும்தான்.

அந்த வரியைத் திருத்தியபின் மற்ற வரிகளின் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. நேரவலயத்துக்கு ஒரு வரி மேலே மொழி இருந்தது: அமெரிக்க ஆங்கிலம். திரைப் பக்கத்துக்காகச் சேர்த்துக்கொண்ட இன்னொரு வார்ப்புருவிலும் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்றே முதல் வரியில் அறிவிக்கப்பட்டிருந்தது. பார்ப்பவர் கண்ணுக்கு இது தெரியாது. பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பான் வைத்துக் கேட்டால், அது தமிழ்ச் சொற்களை ஆங்கிலக் குரலிடம் கொடுத்துவிடும். அந்தக் குரல் உளறும், இல்லையென்றால் மௌனமாகத் தாண்டிப் போகும். இரண்டு எழுத்துக் குறியீட்டை மாற்றினால் தீர்கிற விசயம் இது. எத்தனையோ தமிழ்த் தளங்களில் மாற்றப்படாமலே கிடக்கிறது.

பயனர்பெயர் இன்னும் சுவையானது. “மதுரங்குளி” என்று தமிழில் தட்டிப் பாருங்கள், ஜாங்கோவின் இயல்பான விதி அதை ஏற்காது. எழுத்தும் எண்ணும் சில குறிகளும் மட்டுமே வரலாம் என்று சொல்லும். நமக்கு வியப்பாக இருக்கும், அத்தனையும் எழுத்துதானே! காரணம் யுனிகோடின் அடுக்கில் இருக்கிறது. “து” என்பது நமக்கு ஓர் எழுத்து. யுனிகோடில் அது இரண்டு: “த” என்ற எழுத்தும், அதன்மேல் ஏறும் உகரக் குறியும். முதலாவது எழுத்து வகை, இரண்டாவது குறி வகை. ஜாங்கோவுக்கு அடியிலுள்ள பைத்தன் மொழியின் தேடல் விதி, சொல்லில் வரத்தக்கவை என்று எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் எடுத்துக்கொள்கிறது, இந்தக் குறிகளை விட்டுவிடுகிறது. ஆகவே “மகர” என்று அகரம் மட்டும் ஏறிய பெயர் போகும். கொம்பும் கொக்கியும் புள்ளியும் உள்ள பெயர் நிற்கும். தமிழர் யாரும் பெயர் வைக்கக் கூடாது என்று எவரும் நினைத்து எழுதியதல்ல. எழுத்தென்றால் என்ன என்ற கேள்விக்கு வேறொரு எழுத்துமுறையின் பதில் அங்கே உறைந்து கிடக்கிறது, அவ்வளவுதான்.

இதே காரணத்தால் எழுத்தை எண்ணுவதும் பிசகும். “மதுரங்குளி”யைப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணினால் ஆறு: ம, து, ர, ங், கு, ளி. கணினி எண்ணினால் பத்து. அதையே யுடிஎஃப் 8 முறையில் சேமித்தால் 30 பைட்டுகள். பெயருக்கு இருபது இடம் போதும் என்று ஆங்கிலத்தில் நினைத்து வைத்த ஒரு பெட்டியில் நம் பெயர் பாதியில் வெட்டுப்படுவது இப்படித்தான். வெட்டு விழுகிற இடம் எழுத்துக்கும் குறிக்கும் நடுவே என்றால் “ளி” போய் “ள” மிஞ்சும், ஆளின் பெயரே மாறிவிடும்.

அகரவரிசையும் அப்படியே. யுனிகோடில் ல, ள, ழ, வ என்று எண்கள் ஏறுகின்றன. தமிழ்ப் பாடப் புத்தகத்தில் ல, வ, ழ, ள. எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல் வலி, வளி, வழி என்று வைக்கும். நம் அகராதியில் வலி, வழி, வளி. தமிழ் வரிசையைச் சரியாகச் சொல்லும் கருவிகள் உலாவிகளுக்குள்ளேயே இருக்கின்றன, கேட்டால் தரும். வார்ப்புரு கேட்காது, நாம்தான் கேட்க வேண்டும். வார்ப்புருவோடு வந்த முதற்பெயர், கடைசிப்பெயர் என்ற இரண்டு பெட்டிகளையும் எடுத்துவிட்டு, முதலெழுத்துகளோடு முழுப்பெயர் எழுத ஒரே பெட்டி வைத்தோம். மருமகன் அதைப் பார்த்து, “இப்பத்தான் இது எங்கட ஃபோம் மாதிரி இரிக்கி” என்றான்.

இவ்வளவும் ஒரு மனிதன் தன் வீட்டு மேசையில் செய்த சின்ன வேலை. வெற்றுக் கோப்பிலிருந்து தொடங்குவதா, பிறர் வைத்த தொடக்கத்திலிருந்தா என்ற கேள்வி இலங்கையில் மிகப் பெரிய அளவில், உயிரும் மரணமுமாக, இரண்டு தடவை எழுந்தது. அந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் வார்ப்புருவைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. இலங்கையில் மட்டும் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் மாவட்டம் பெரிய அழிவிலிருந்து தப்பியது. கிழக்கும் தெற்கும் வடக்கும் நொறுங்கின. காணாமல் போனவர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த அமைப்பு எங்கே என்ன கொண்டுபோகிறது என்று ஓரிடத்தில் பார்க்க வழியில்லை. உலகில் எங்கிருந்தும் எடுத்துப் பயன்படுத்தத் தயாரான கட்டற்ற மென்பொருளும் கையில் இல்லை. லங்கா மென்பொருள் மன்றத்தைச் சூழ்ந்த தன்னார்வ நிரலாளர்கள் கொழும்பில் உட்கார்ந்து, வெற்றுக் கோப்பிலிருந்து ஒன்றைக் கட்டினார்கள். சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள்படும் ‘சஹன’ என்பது அதன் பெயர். காணாமல் போனோர் பதிவு, முகாம் பதிவு, அமைப்புகளின் பதிவு, உதவிக் கோரிக்கைகள் என்று அதன் பகுதிகள் ஒவ்வொன்றும் அந்த வாரங்களின் அவசரத்தில் பிறந்தவை. பிறகு 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நலத்துக்கான விருது 2006ஆம் ஆண்டுக்கு அதற்கே கிடைத்தது. 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கம் வந்தபோது அது பைத்தனில் புதிதாக எழுதப்பட்டு ‘ஈடன்’ என்ற வடிவத்துக்கு மாறியிருந்தது. ஒரு நாட்டின் அவசரம் மற்ற நாடுகளுக்குத் தொடக்கப் புள்ளியாயிற்று.

இரண்டாவது தடவை 2020 ஜனவரி 27. இலங்கையில் முதல் கொரோனா நோயாளி, சீனாவிலிருந்து வந்த ஒரு பயணி, அன்று உறுதிசெய்யப்பட்டார். விமான நிலையத்தில் இறங்குவோரைப் பதிந்து, அவர்கள் போய்ச் சேரும் ஊரின் சுகாதார அதிகாரிக்கு அறிவித்து, 14 நாள் பின்தொடர வேண்டும். இந்த முறை வெற்றுக் கோப்பில்லை. சுகாதார அமைச்சு ஏற்கெனவே டிஎச்ஐஎஸ் 2 என்ற கட்டற்ற சுகாதாரத் தகவல் மென்பொருளைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. இனஒதுக்கலுக்குப் பிந்திய தென்னாப்பிரிக்காவில் வேர்விட்டு, ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்து, வலை வடிவில் 2006இல் கேரளத்தில் முதன்முதலாக ஓடிய மென்பொருள் அது. அந்த மென்பொருளை இலங்கையில் பார்த்துக்கொள்ளும் ஹிஸ்ப் ஸ்ரீலங்கா குழுவும் அமைச்சின் மருத்துவத் தகவலியலாளர்களும் அதன்மேல் பயணிகள் பதிவைச் சில நாள்களிலேயே கட்டி நிறுத்தினார்கள். மென்பொருளில் இல்லாத வசதிகளை எழுத, தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவரகத்தோடு சேர்ந்து தன்னார்வ நிரலாளர்களையும் அழைத்தார்கள். தொற்றியவரிலிருந்து தொடர்புடையவர்களுக்குக் கோடு இழுத்துக் காட்டும் வரைபடச் செயலி அப்படி வந்தது.

பிறகு நடந்ததுதான் என்னை நெகிழ வைத்தது. இலங்கையில் செய்ததை ஒஸ்லோக் குழு பொதுமைப்படுத்தி, எவரும் இறக்கிப் பயன்படுத்தும் பொதியாக வெளியிட்டது. 40க்கும் மேற்பட்ட நாடுகள் அதை எடுத்துக்கொண்டன. நோர்வேயின் உள்ளூராட்சி மன்றங்களும் தொற்றுத் தொடர்புகளைத் தேட அதே மென்பொருளைக் கையில் எடுத்தன. வழக்கமாக அங்கிருந்து இங்கே வருவது, அந்த வருடம் இங்கிருந்து அங்கே போயிற்று.

இது எப்படி முடிந்தது? டிஎச்ஐஎஸ் 2இல் எந்தக் கேள்வியைக் கேட்பது, எந்த வரிசையில், எத்தனை நாள் பின்தொடர்வது, மாவட்டங்கள் எவை என்பதெல்லாம் நிரலுக்குள் புதைக்கப்படுவதில்லை. அவை தரவாக, தனி விவரப் பட்டியலாக, வெளியே இருக்கின்றன. நிரல் அந்தப் பட்டியலைப் படித்துப் படிவத்தைக் கட்டுகிறது. ஆகவே இன்னொரு நாடு பொதியை இறக்கும்போது, இலங்கை எடுத்த முடிவுகள் ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கும். கட்டுநாயக்காவை எடுத்துவிட்டுத் தன் விமான நிலையத்தைப் போடலாம், 14ஐப் பத்தாக்கலாம், நிரலைத் தொடவே வேண்டாம். நல்ல வார்ப்புரு எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். எத்தனை வசதி தருகிறது என்பதை நான் பிறகுதான் பார்ப்பேன். எனக்காக எடுத்த முடிவுகளை எங்கே வைத்திருக்கிறது, ஒளித்திருக்கிறதா, மேசைமேல் விரித்திருக்கிறதா என்பதே எனக்கு முதல் கேள்வி.

ஒளிந்து வருவன முடிவுகள் மட்டுமல்ல. ஜாங்கோவை நிறுவினால் கூடவே இரண்டு பொதிகள் வரும். விண்டோஸ் கணினியில் அந்த நேரவலயப் பட்டியல் மூன்றாவதாக. கண்ணால் எண்ணிவிடலாம். திரைப் பக்கத்துக்கான வார்ப்புருக்களில் நாம் கேட்டது ஐந்தாறு, அவை இழுத்துவருவது நூறுக்கும் மேல். ஒவ்வொன்றும் முகம் தெரியாத ஒருவர் எழுதியது. 2016 மார்ச் 22 அன்று ஒரு நிரலாளர், பெயர்த் தகராறு ஒன்றில் மனம் கசந்து, தன் பொதிகளை எல்லோரும் எடுக்கும் பொதுக் கிடங்கிலிருந்து விலக்கிக்கொண்டார். அவற்றில் ஒன்று லெப்ட்பேட், வெறும் 11 வரி. ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் இடைவெளி நிரப்புவதே அதன் வேலை. அது இல்லாமல் உலகெங்கும் ஆயிரக்கணக்கான திட்டங்கள் கட்டப்படாமல் நின்றன. 2025 செப்டம்பர் 8 அன்று நடந்தது அதைவிடக் கொடியது. ஒரு பராமரிப்பாளர் போலி மின்னஞ்சலில் ஏமாற, பெருமளவில் பயன்படும் 18 பொதிகளுக்குள் மின்னாணயத்தைத் திருடும் நிரல் புகுந்தது. சில மணி நேரத்தில் கண்டுபிடித்தார்கள். அந்த இடைவெளியில் புதுத் திட்டம் தொடங்கியவர்களுக்குத் திருடனும் சேர்ந்தே வந்திருப்பான்.

இந்த ஆபத்தை மருமகனுக்கு நான் விளக்கத் தேவையிருக்கவில்லை. 1996இல் வெண்புள்ளி நோய் இந்தக் கரையின் இறால் பண்ணைகளை எப்படி அழித்தது என்பதை அவன் தன் வாப்பா சொல்லிக் கேட்டு வளர்ந்தவன். அந்த வைரஸ் குஞ்சோடும் வரும், பொதுக் களப்பின் தண்ணீரோடும் வரும். ஒருவர் குளத்தில் விழுந்தது அடுத்தவர் குளத்துக்குப் போகும். அதனால்தான் இன்று குஞ்சை பிசிஆர் சோதனை செய்து விடுகிறார்கள். எந்த வலயம் எந்த மாதத்தில் குஞ்சு விடலாம் என்று பயிர் நாட்காட்டியும் வைத்திருக்கிறார்கள். மென்பொருளில் இந்தச் சோதனைக்கு நிகரானது பூட்டுக் கோப்பு. எந்தப் பொதி, எந்தப் பதிப்பு, அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட நீண்ட கைரேகை எண் என்ன என்று அது எழுதி வைக்கும். மறுமுறை நிறுவும்போது ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கைரேகை பொருந்தாது, நிறுவல் நின்றுவிடும். முதல் தடவை வந்ததே நோயுள்ளது என்றால் இது காப்பாற்றாது. ஆகவே புதிதாக வெளியான பதிப்பைச் சில நாள் கழித்தே எடுப்பதை நான் பழக்கமாக்கிக்கொண்டேன். குஞ்சையும் வந்த உடனே குளத்தில் கொட்டுவதில்லையே. பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடும் உவர்ப்பும் பழகியபின்தான் திறக்கிறோம்.

இன்னும் இரண்டு வரிகள் பாக்கி. இரகசியத் திறவுகோல் ஒன்று ஒவ்வொரு திட்டத்துக்கும் புதிதாக உருவாகி அமைப்புக் கோப்பிலேயே உட்கார்ந்திருக்கும். 2021இல் வந்த பதிப்பு முதல் அதன் தொடக்கத்திலேயே ‘பாதுகாப்பற்றது’ என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொல்லை ஒட்டிவிடுகிறார்கள், அப்படியே பொதுவெளிக்குக் கொண்டுபோய்விடக் கூடாதென்று. பிழை காட்டும் நிலையும் திறந்தே இருக்கும். எழுதுகிறவருக்கு அது விளக்கு, ஊரார் பார்க்கும் தளத்தில் அது திறந்த கதவு. திறவுகோலைத் தனிக் கோப்புக்கு மாற்றி, அந்தக் கோப்பு நகலில் போகாதபடி விலக்கி, பிழை நிலையை மூடினோம். பத்து நிமிட வேலை.

மூன்று மாதம் ஓடியபின் உடப்பிலிருந்து ஒருவர் வந்தார். அவருக்கும் இரண்டு குளங்கள், அவரிடமும் ஒரு கொப்பி. எங்கள் செயலியிலிருந்து எங்கள் குளங்களையும் பெயர்களையும் எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு தொடக்கமாக ஆக்கினோம். கொழும்பு நேரம், தமிழ் மொழி, ஒற்றைப் பெயர்ப் பெட்டி, தமிழ் அகரவரிசை, குறிகளையும் எழுத்தாக ஏற்கும் பயனர்பெயர் விதி. எதை அளப்பது என்ற பட்டியலை நிரலிலிருந்து வெளியே எடுத்து ஓர் அட்டவணையாக வைத்தோம். டிஎச்ஐஎஸ் 2ஐப் பார்த்துக் கற்றது அது. மருமகனே அவருடைய மடிக்கணினியில் கட்டளையை அடித்தான். கோப்புகள் வந்து நின்றன.

அவர் பட்டியலை மேலிருந்து கீழே ஒரு தடவை விரலால் தடவிப் பார்த்தார். “தம்பி, இதுல அமாவாசை குறிக்கிறதுக்கு இடம் எங்க?”

அமாவாசையை ஒட்டி இறால் தோல் கழற்றும் என்பது குளத்துக்காரர்களின் கணக்கு. களப்பின் நீரேற்றமும் அதை ஒட்டியே மாறும். அவருடைய கொப்பியில் அதற்கு முதல் பத்தியே ஒதுக்கியிருந்தது. நாங்கள் பிறை பார்த்து மாதம் எண்ணுகிறவர்கள், ஆனாலும் எங்கள் பட்டியலில் நிலவு இருக்கவில்லை.

“இல்ல அண்ணே, இப்ப சேர்ப்போம்” என்று சொல்லி, மருமகன் அட்டவணையைத் திறந்து ஒரு புது வரி தட்டினான்.